வைரஸ் ஓட்டும் தகடு

சாரல் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. குற்றாலத்தில் அருவிக்கு நின்ற கூட்டத்தைவிட, ஐந்தருவி போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நின்ற கூட்டம் பெரிது. எண்ணெய் தேய்த்த முதுகோடு நின்றார்கள். ஈரத் துண்டோடு நின்றார்கள். ரம்புட்டானை உரித்துத் தின்றபடி நின்றார்கள். எல்லார் கையிலும் செல்போன். எல்லார் முகத்திலும் பயம்.

‘உங்கள் போனில் வைரஸ் குடியிருக்கிறதா? ஹேக்கர் கண் பட்டதா? ஒரே தகடு! ஆயுள் முழுக்கக் காவல்! சைபர் ரட்சகர் டாக்டர் செல்வம்’ என்றது பிளக்ஸ். எதற்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டிருந்தார். அது போதாதா?

வரிசையில் மூன்றாவது ஆள் ஆறுமுகநயினார். தென்காசியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர். எந்நேரமும் கறுப்புச் சட்டை. ஊரில் பகுத்தறிவு என்றால் அவர்தான். அதை அவரே சொல்வார். பாவூர்சத்திரத்தில் பேய் ஓட்டியவனை மேடை போட்டுக் கிழித்தவர். மனைவி காளீஸ்வரி திருநீறு பூசினால் அதன் ரசாயனப் பெயரைச் சொல்லி வம்புக்கு இழுப்பவர். இருபது வருஷம் கம்ப்யூட்டரை வைத்தே பிழைக்கிறார். ஆனால் அப்டேட் என்று அது கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்ற பொத்தானை மட்டும்தான் அமுக்கியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு: கடையின் போன் நம்பர். அது கடைப் பலகையில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

“ஒவ்வொருத்தரா வந்து இந்த மண்டபத்து ஓபன் வைஃபையைக் கனெக்ட் பண்ணுங்க” என்றார் டாக்டர்.

பண்ணினார்கள். இணைத்த ஒவ்வொரு போனிலும் திரை சிவந்தது. நடுவில் மண்டையோடு. கீழே, ‘உங்கள் போன் களவாடப்படுகிறது.’ ஒரு அம்மாள் போனைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். டாக்டர் அமைதியாக ஒரு செப்புத் தகட்டை எடுத்து, ஆறுமுகநயினார் போனின் முதுகில் ஒட்டிக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

மந்திரம் மட்டும் சொல்லியிருந்தால் ஆறுமுகநயினார் செருப்பைக் கழற்றியிருப்பார். டாக்டர் சொன்னது இங்கிலீஷ். “ஃபயர்வால்… என்கிரிப்ஷன்… குவாண்டம்…” திரை பச்சையானது. ஆறுமுகநயினார் கையெடுத்துக் கும்பிட்டார். சயின்ஸைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் காளீஸ்வரி தகட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“இத எந்தக் கோயில்ல குடுத்தாவ?”

“கோயிலா? ஏட்டி, இது சயின்ஸ்.”

“அப்பம் எதுக்குப் போன கிழக்க பாத்து வைக்கிய?”

“கதிரு அந்தப் பக்கந்தான் பாயுமாம். டாக்டரு சொன்னாரு.”

காளீஸ்வரி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு வீட்டுக் கூத்து. ஆனால் ஆறுமுகநயினார் தெருப் படிப்பகத்துக்குத் தலைவரும்கூட. படிப்பகத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இலவச வைஃபை விட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் முப்பது பிள்ளைகள் போலீஸ் பரீட்சைக்கும் குரூப் ஃபோருக்கும் படித்தார்கள். “ஓபன் வைஃபைதான் வைரஸுக்குத் தாய்வீடு. மூடுங்க. இல்லேன்னா பதினஞ்சாயிரத்துக்குப் பெரிய தகடு போடுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய தகட்டுக்குப் படிப்பகத்தில் காசு இல்லை. மூடுவதென்று ஆறுமுகநயினார் தீர்மானம் எழுதினார். மூடினால் தன் சென்டருக்குக் கூட்டம் வரும் என்ற நினைப்பே தனக்கு இல்லை என்று நம்பினார். அந்த நினைப்பு இரண்டு முறை வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். டாக்டரையும் செய்து காட்ட அழைத்திருந்தார். டாக்டர் தன் சொந்த வைஃபை பெட்டியோடு வந்து, அதை மேசையில் வைத்து இயக்கினார்.

சங்கரேஸ்வரி முதலில் எழுந்தாள். அவளுக்கு எஸ்.ஐ. பரீட்சைக்கு இன்னும் இருபத்தியொரு நாள். “அண்ணாச்சி, வீட்ல ஒரு போனு. அதுலயும் நெட்டுப் போடக் காசில்ல. இங்கன நெட்ட நிப்பாட்டிட்டா நாங்க எங்கன போயிப் படிக்க?”

“ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்” என்றார் ஆறுமுகநயினார். இந்த வாக்கியத்தை அவர் வேறு எவர் வாயில் கேட்டாலும் கிழித்திருப்பார்.

டாக்டர் சங்கரேஸ்வரியின் போனையே வாங்கினார். தன் பெட்டியோடு இணைத்தார். சிவப்பு. மண்டையோடு. தகடு. முணுமுணுப்பு. பச்சை. கைதட்டல்.

“நான் ஒருக்கா செஞ்சு பாக்கட்டா?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பாஹிமா. கடையநல்லூரில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வருகிறவள்.

“காளீஸ்வரியக்கா, ஒங்க ஸ்டிக்கர் பொட்டத் தாங்க.”

கணவரோடு கூட்டத்துக்கு வந்திருந்த காளீஸ்வரி நெற்றியிலிருந்து உரித்துக் கொடுத்தாள். பாஹிமா அதைத் தன் போனின் முதுகில் ஒட்டி, டாக்டரின் வைஃபையில் இணைத்தாள். சிவப்பு. அவள் கண்ணை மூடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பதாவது விநாடி, பச்சை.

“பொட்டுக்கும் அதே சக்தி இருக்கு, டாக்டர்.”

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க போனத் தாங்க. தகடு ஒட்டி நாலு நாளாச்சுல்லா? வைரஸ் எட்டியே பாக்கக் கூடாது.”

இணைத்தாள். செப்புத் தகடு பளபளக்க, திரையில் மண்டையோடு பல்லைக் காட்டியது.

“அதுல… சார்ஜ் குறைஞ்சிருக்கும்” என்றார் டாக்டர்.

“செப்புத் துண்டுக்கு ஏது சார்ஜ்?” பாஹிமா அவருடைய பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அதே போனைப் படிப்பகத்து வைஃபையில் இணைத்தாள். மண்டையோடு இல்லை. போன வருஷத்துக் கேள்வித்தாளைத் தேட, அதுதான் வந்தது.

“லாட்ஜுல வைஃபை போட்டா ‘நல்வரவு’ன்னு ஒரு பக்கம் வருதுல்லா? அதுதான் இது. இவரு பெட்டி அனுப்புத படம். முதல்ல செவப்பு, நாப்பது செகண்டு கழிச்சுத் தானாப் பச்ச. அந்த நேரத்தக் கடத்தத்தான் கண்ண மூடி இங்கிலீஷு. பொது வைஃபைல கவனம் வேணும், இல்லங்கல. அப்டேட் போடணும், ஆளறிஞ்ச பாஸ்வேர்டு வைக்கப்படாது, பேங்கு வேலய அங்கன வச்சுப் பாக்கப்படாது. அதுக்காக வாசல மூடவா?”

டாக்டருக்குத் திடீரென்று ஐந்தருவியில் அவசர வேலை வந்தது. வாசலில் ஏற்கெனவே தகடு வாங்கியவர்கள் நின்றார்கள். தகட்டுக் காசுக்கு ஈடாகக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெட்டியையும் போட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

ஆறுமுகநயினார் தீர்மானத்தை நான்காகக் கிழித்தார். கிழிக்கும்போது மனைவியைப் பார்க்கவில்லை. “பேய் ஓட்டுனவன மேடையேறித் திட்டுன வாயி இது” என்றார் மெதுவாக. “வேட்டி கட்டுனவன மட்டுந்தான் சந்தேகப்பட்டேன். கோட்டப் பாத்ததும் கும்புட்டுட்டேன்.”

அப்போது ஒரு பெரியவர் பாஹிமாவிடம் போனை நீட்டினார். “ஏம்மா, ஒன் கடைல நல்ல தகடா ஒண்ணு கெடைக்குமா?”

பாஹிமா தலையில் கை வைத்தாள். ஆறுமுகநயினார்தான் பதில் சொன்னார்.

“தகடு எதுவும் வேண்டாம், பெரியவரே. இந்தப் பிள்ள சொன்னதயும் சும்மா நம்பாதிய. நான் சொன்னா சுத்தமா நம்பாதிய. அந்தா கெடக்கு பெட்டி. நீங்களே வயரச் சொருகிப் பாருங்க. யோசிச்சா மூளைக்குச் சார்ஜ் எறங்காது!”