இருக்க வேண்டிய இடுப்பு

உலகத்தில் சாப்பிடுகிறவர்கள் ஓர் இனம், பட்டினி கிடக்கிறவர்கள் ஓர் இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் உங்கள் தகவல் பழையது. புதிதாக மூன்றாவது இனம் ஒன்று கிளம்பியிருக்கிறது. தான் எதையெல்லாம் சாப்பிடுவதில்லை என்பதைச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற இனம். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ரொட்டியைக் கண்டால் பெருமூச்சு விடும். உருளைக்கிழங்கைக் கண்டால் போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கும். 'லோ கார்ப்' என்று இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். நமக்குள் 'மாவு விரோதி' என்று வைத்துக்கொள்வோமே. ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தால் இதில் மாவு விரோதி யார் என்று நீங்கள் தேடவே வேண்டாம். தண்ணீர் வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

எனக்குத் தெரிந்து இந்த இனத்தின் உச்சம் எங்கள் டெய்லர் மாஸ்டர்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ட்ரையல் ரூம், இவ்வளவுதான் கடை. ஒரு நாள் மேஜையிலிருந்து சாக்பீஸ் உருண்டு கீழே விழுந்தது. மாஸ்டர் குனிந்தார். பாதி வழியில் வயிறு குறுக்கே நின்றுகொண்டது. சாக்பீசும் கிடைக்கவில்லை, நிமிரவும் முடியவில்லை. காஜா அக்கா வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பட்டன் துளைக்கு நூல் கட்டுகிற வேலைக்குக் காஜா என்று பெயர். அந்த வேலையைச் செய்கிற அக்கா அவள். மறுநாள் முதல் மாஸ்டர் மாவுச்சத்தை விட்டார். மனைவிக்கு வேண்டியது போக மீதி அரிசி டப்பாவோடு பரணுக்குப் போனது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இளைத்தார். முகம் சுருங்கியது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது, சாக்பீசைத் தானே குனிந்து எடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு சாதாரண நல்ல மனிதர். எவனாவது நிறுத்துவானா?

பேன்ட் தைக்க வந்த பேங்க் மேனேஜரின் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டிவிட்டு, மாஸ்டர் மெல்லத் தலையை ஆட்டினார்.

"சார், இடுப்பு இப்ப இருக்கறதை வைக்கவா, இருக்க வேண்டியதை வைக்கவா?"

"நாளைக்கு நான் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போகணும் மாஸ்டர்."

"அப்ப இருக்கறதையே வைக்கறேன். ஆனா இது உங்க இடுப்பு இல்ல சார். இது பூரா பிஸ்கட்."

மத்தியானம் காஜா அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்படியும் விடமாட்டார்.

"என்னக்கா அது?"

"பன்னு."

"அது பன்னு இல்லக்கா. சர்க்கரை. உள்ள போனா எல்லாம் சர்க்கரை."

"சரி மாஸ்டர், சர்க்கரை சாப்பிடறேன். கொஞ்சம் தண்ணி குடுங்க."

இவ்வளவு கட்டுப்பாடான மனிதர் என்னதான் சாப்பிடுவார் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இந்த இனத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மாவு இல்லாத பண்டம் எடை ஏற்றாது என்பது இவர்களுடைய திடமான நம்பிக்கை. ஆகையால் காபியில் வெண்ணெய், வெண்ணெயில் முட்டை, முட்டையின் மேல் சீஸ், இது செரிப்பதற்குள் வாய்க்குச் சும்மா இருக்கட்டுமே என்று சட்டைப் பை நிறையப் பாதாம் என்று நாள் முழுக்க விரதம் அமோகமாக நடக்கும். இது போக மாஸ்டர் சொந்தமாக ஒரு சட்டம் வைத்திருந்தார். நின்றுகொண்டு சாப்பிடுவதில் மாவுச்சத்து கிடையாது. உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிட்டால்தான் அது சாப்பாடு. மனைவி பொரித்து வைத்த உருளைக்கிழங்கில் நாலைந்தை அடுப்பங்கரையில் நின்றபடியே எடுத்து வாயில் போட்டால் அது ருசி பார்ப்பது. ருசி பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும்? எதிலும் சேராது.

"ஏங்க, அந்தச் சீஸ் கட்டி இந்த வாரம் பூராவும் வரணும்னு வாங்கி வெச்சேன்."

"அதுல மாவே இல்லம்மா."

"மாவு இல்லை, சரி. இப்ப சீஸும் இல்லையே."

அந்த அம்மாளுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள். இப்போது எதிரே ஒருவர் துருவிய காலிஃபிளவரைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, இவள் தட்டில் இருக்கிற சோற்றின் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இறங்கும்? ஒரு நாள் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மாஸ்டர் கவனிக்கவில்லை. அவர் காலிஃபிளவரின் பெருமைக்கு வந்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு வேலை கடல் தாண்டி. மகளும் கூடவே போகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் தடவை போனபோது சம்பந்தியம்மா தன் கையால் சுட்ட கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினாள். கேக் சுடுவதில் அந்த அம்மாளுக்கு அக்கம்பக்கத்தில் பெரிய பெயர். மாஸ்டர் தட்டைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதுல மாவு எவ்வளவு போட்டீங்க?"

"தேவையான அளவு."

"தேவையே இல்லைங்கறதுதான் விஷயம்," என்று தொடங்கினார் பாருங்கள், காபி ஆறி, விளக்கு வைக்கிற நேரம் வந்து, மாப்பிள்ளையின் அப்பா தூங்கியே போனார். சம்பந்தியம்மா முகம் கடுகடுவென்று ஆனது. அன்றைக்குப் போன பேச்சு அதன் பிறகு திரும்பவில்லை. போனில்கூட மாஸ்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை விசாரித்தாள்.

மகள் கெட்டிக்காரி. அப்பாவை மாற்ற முடியாது என்று தெரியும், அதற்காகச் சண்டை போடவும் இல்லை. கருநீலக் கோட்டுத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அப்பா, இதுல எனக்கு ஒரு கோட், உங்களுக்கு ஒரு கோட். ஒரே துணி. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு ஒரு போட்டோ. அங்க போய் என் வீட்டுச் சுவத்துல மாட்டிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ்வளவுதானே கண்ணு? அசத்திடறேன்."

"இன்னும் ஒண்ணு. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சாப்பாட்டைப் பத்திப் பேசாதீங்கப்பா. கேக் அவங்க அம்மாதான் பண்றாங்க."

மகளின் கோட்டை அவள் அளவுக்கு வெட்டினார். தன் கோட்டை எந்த அளவுக்கு வெட்டியிருப்பார்? இருக்க வேண்டிய இடுப்புக்கு. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, போகிற வேகத்துக்கு அதற்குள் அங்கே போய் நின்றுவிடலாம் என்பது திட்டம். தையற்கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த உடுப்பானாலும் தையலுக்கு உட்புறம் கொஞ்சம் துணி விட்டு வைப்பார்கள். நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்து விட வேண்டுமே, அதற்காக. மாஸ்டர் அந்த உள் துணியையும் கத்தரித்துத் தள்ளினார்.

காஜா அக்காவுக்குப் பகீர் என்றது. "மாஸ்டர், உள்ள துணி விடலையா?"

"எதுக்குக்கா? உள்ள துணி விட்டா, நான் இளைக்க மாட்டேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"போட்டாவது பாருங்களேன்."

"அன்னிக்குப் போட்டுக்கறேன். அப்பதான் எல்லாரும் அசந்து போவாங்க."

ஊருக்கெல்லாம் மூன்று முறை ட்ரையல் பார்க்கிற மனிதர், தன் கோட்டை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. கத்தரித்த துணியையும் சும்மா விடவில்லை. அழகாகப் பட்டன்களுக்கு உறை போட்டார். விரல் அகலத் துணிகூட மிச்சம் இல்லை.

எடையா? அது எப்போதோ நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல், வெண்ணெயையும் பாதாமையும் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி நடக்கவும் தொடங்கியிருந்தது. மாஸ்டர் ஒப்புக்கொள்வாரா? எடை மிஷின் கெட்டுப்போச்சு என்றார். உடம்பில் தண்ணீர் தங்கியிருக்கிறது என்றார். இது தசை, நல்ல எடை என்றார். டேப்பால் தன் இடுப்பைத் தானே அளக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை முதுகுவரை இழுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செய்தால் "மூச்சை விடுங்க சார்" என்று அதட்டுகிறவர் அவர்தான்.

கல்யாணத்தன்று காலை. பதிவு அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறை. மாஸ்டர் கோட்டுக்குள் கையை நுழைத்தார். தோள் கச்சிதம். கை கச்சிதம். முன்பக்கம் இரண்டும் ஒன்றை ஒன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றன. மனைவி ஒரு பக்கம் இழுத்தாள், காஜா அக்கா மறுபக்கம் இழுத்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா நான் போய்ச் சேர்ந்துடுவேன்டி."

பட்டன் ஏறியது. ஒரு நொடி எல்லாரும் சிரித்தார்கள். மறுநொடி பட்டன் தெறித்துப் போய்க் கதவில் பட்டு விழுந்தது.

மாஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. காஜா அக்கா வழக்கம்போல உட்புறத் தையலைத் திருப்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு மூடினாள். பிரிப்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது?

"அவ வேற ஒண்ணும் கேக்கலையே," என்றார் மாஸ்டர். "இது ஒண்ணுதானே கேட்டா."

மனைவிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. காலிஃபிளவரைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் சொல்லலாம். ஆனால் பட்டனைப் பொறுக்கிப் பர்சில் போட்டுக்கொண்டு, "தொலையுது, எழுந்து வாங்க," என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

கூடத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து போட்டோக்காரர் தயாராக நின்றார். கருநீலக் கோட்டில், பட்டன்கள் வரிசையாகப் போட்டு, மகள் அவ்வளவு அழகாக இருந்தாள். "பொண்ணோட அப்பா வாங்க!" மாஸ்டர் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு வந்தார். கையைக் கீழே விடச் சொல்வார்களே, என்ன செய்வது என்று வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா பெரிய கேக்கைத் தட்டோடு தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யாராவது பிடிங்களேன், கை வலிக்குது."

மாஸ்டர் பாய்ந்தார். அந்த வயதில், அந்தக் கோட்டில், அப்படி ஒரு பாய்ச்சலை யாரும் எதிர்பார்க்கவில்லை. "குடுங்கம்மா, நான் இருக்கேன்!" தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நல்ல அகலமான கேக். முதல் பட்டன் இடத்திலிருந்து கடைசிப் பட்டன் இடம்வரை மறைந்துவிட்டது.

"சார், கேக்கை மேஜையில வெச்சுட்டு நில்லுங்க."

"முடியாது தம்பி. இது என் கையிலதான் இருக்கும்."

சம்பந்தியம்மா கிட்டே வந்தாள். "அன்னிக்கு நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் சம்பந்தி," என்றாள். மாஸ்டர் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். கேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதருகே கேட்டாள்.

"பட்டன் எங்கப்பா?"

"உங்கம்மா பர்ஸ்ல. மன்னிச்சுடு கண்ணு."

"எனக்குப் பட்டன் ஒண்ணும் பெரிசில்லப்பா. நான் போறதுக்குள்ள என்னோட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டீங்களான்னுதான் இருந்தது."

சொல்லிவிட்டு, அவர் கையில் இருந்தபடியே கேக்கை வெட்டி, ஒரு துண்டை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தது. தடுக்க முடியாது. தட்டைக் கீழே வைக்கவும் முடியாது. மாஸ்டர் வாயைத் திறந்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் வழியில்லை. இன்னொரு துண்டுக்குத் தானாகவே வாயைத் திறந்தார். இரண்டையும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார் என்பதால், சட்டப்படி அதில் மாவுச்சத்து கிடையாது.

கேக்கும் கையுமாக எடுத்த அந்தப் படம் இப்போது கடல் தாண்டி ஒரு சுவரிலும், மாஸ்டர் கடையில் கண்ணாடிக்கு மேலேயும் மாட்டியிருக்கிறது. மாஸ்டர் திருந்திவிட்டாரா என்றால், அவர் இனத்தில் அந்த வழக்கம் இல்லை. இப்போது உப்பின் மேல் கண் வைத்திருக்கிறார். ஆனால் மனைவியின் தட்டு மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது; எதிரே உட்கார்ந்து, உட்கார்ந்தேதான், இவரும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறார். யாருக்கு என்ன தைத்தாலும் உள்ளே நாலு விரல் துணி விடுகிறார்.

சிரித்தீர்கள்தானே? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். அடித்தட்டில், 'இளைச்சதும் போட்டுக்கலாம்' என்று பல வருஷமாக மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த ஒன்றை வெளியே எடுங்கள். உட்புறத் தையலைத் திருப்பிப் பாருங்கள். துணி விட்டிருந்தால் மாஸ்டரிடம் வாருங்கள். விடவில்லை என்றால், பக்கத்தில் கேக் சுடுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள்.