அகர வரிசையில் ஓர் எடைக் குறைப்பு

பேருந்தில் இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியை அகலப்படுத்த முடியாது, நடத்துனரைத்தான் ஒடுக்க முடியும் என்று பேருந்து அலுவலகம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்துக்கு நடத்துனர் யாரையும் அழைக்கவில்லை. அதனால் எதிர்ப்பும் எழவில்லை.

தீர்மானம் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த வழியில் சிக்கிக்கொள்கிற நடத்துனர் ஒருத்திதான். எல்லாரும் அவளை டிக்கெட் அக்கா என்பார்கள்.

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"மாடியில இருக்கே ஜிம்மு, அதுல சேருங்கம்மா. மழைக்காலம் முடியறதுக்குள்ள 'இலக்கை அடைந்தார்'னு சான்றிதழ் வரணும். வரலேன்னா, பயணிகள் மறந்துட்டுப் போற சாமான் அறைக்கு உங்களை மாத்திடுவோம்."

அந்த அறை அவளுக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. அலமாரி நிறையக் குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரோ விட்டுப்போன பல்செட்டு ஒன்று. அவளோ படியில் தொங்குகிறவனை அதட்டி, அழுகிற குழந்தைக்கு விசில் ஊதிக் காட்டி, நாள் முழுக்க வாய் ஓயாமல் பழகியவள். பல்செட்டோடு என்னத்தைப் பேசுவது?

அன்றைக்கே போய்ச் சேர்ந்தாள்.

ஜிம் மேலாளர் தம் வாழ்நாளில் ஓர் இரும்பையும் தூக்கியவரல்ல. ஆனால் கம்ப்யூட்டரில் ஷீட் போடத் தெரிந்தவர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி: பெயர், எடை, இலக்கு, பயிற்சி. அக்காவின் பெயருக்கு நேரே 'எடைக் குறைப்பு' என்று ஏறியது; அங்கே வருகிற பயில்வான் தம்பி ஒருவனுக்கு 'எடை கூட்டல்'.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. மூச்சு வாங்க ஓடினாள். சர்க்கரையை விட்டாள். தன் சாப்பாட்டில் பாதியைக் கணவர் தட்டுக்குத் தள்ளினாள். அவர் தடித்தார், இவள் இளைத்தாள். ஒரு நாள் காலை முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் ஒரு தோளையும் இடிக்காமல் நடந்து போய்விட்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்க ஹாரன் அடித்தார்.

அதே வாரம் மேலாளருக்கு ஓர் அழகுணர்ச்சி வந்தது. ஷீட்டில் பெயர்கள் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றனவே, அகர வரிசைப்படி இருந்தால் கண்ணுக்கு லட்சணமாக இருக்குமே! பெயர்க் கட்டங்களை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினார். பெயர்கள் சமர்த்தாக நகர்ந்தன. எடை, இலக்கு, பயிற்சி எல்லாம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். இவ்வாறாக அது சட்டமாயிற்று.

மறுநாள் அக்கா ஓடப் போனபோது மேலாளர் தடுத்தார்.

"மேடம், நீங்க ஓடக்கூடாது. பால் குடிக்கணும், வாழைப்பழம் சாப்பிடணும். உங்க இலக்கு எடை கூட்டல்."

"ஐயோ, அது நம்ம பயில்வான் தம்பியோடது சார்!"

"உங்க பேருக்கு நேராதானே இருக்கு."

"என்னை ஒரு தடவை பாருங்க சார். நான் கூட்ட வேண்டிய ஆளா?"

மேலாளர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "பார்த்துட்டேன் மேடம். ஷீட்ல அப்படி இல்ல."

"தராசுல ஏறிக் காட்டவா?"

"தராசு சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லும், பின்னாடி ஒண்ணு சொல்லும். ஷீட்டு பேச்சு மாறாது."

அப்போது மாடிப்படிக்குக் கீழேயிருந்து ஒரு கூக்குரல். பயில்வான்தான்.

"அக்கா! என்னை மேல விட மாட்டேங்கறாங்கக்கா!"

"ஏன் தம்பி?"

"படி ஏறக்கூடாதாம். எனக்கு ஆறாம் மாசமாம்!"

அவன் பெயருக்கு நேரே யாரோ ஒரு டீச்சரம்மாவின் வரி வந்திருந்தது. "இப்படிச் சத்தம் போடாதீங்க சார், உங்க உடம்புக்கு ஆகாது" என்று மேலாளர் கரிசனமாகச் சொல்லி, மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பாயைக் கீழே அனுப்பிவைத்தார்.

"சரி, தப்பைத் திருத்துங்க சார்."

"திருத்தணும்னா, வரிக்குச் சொந்தக்காரர் இங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"கீழதானே நிக்கிறாரு, வரச் சொல்லுங்க."

"அவர் படி ஏறக்கூடாதே மேடம்."

"அப்ப நீங்க இறங்கிப் போங்க!"

"ஷீட்டு மேல இருக்கே."

அக்கா நேரே அதிகாரியிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க இளைச்சது என் கண்ணுக்கு நல்லாத் தெரியுதும்மா. சந்தோஷம். ஆனா என் கண்ணை ஃபைல்ல வைக்க முடியாதே."

"இலக்கையே மாத்திட்டாங்க சார். நான் குண்டானாத்தான் சான்றிதழாம்."

"இலக்கு எதுவா இருந்தா அலுவலகத்துக்கு என்ன? அடைஞ்சீங்களா, இல்லையா? மழை வேற விட்டுட்டே வருது, பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏம்மா, உனக்குப் பஸ்ஸு வேணுமா, பல்செட்டு வேணுமா?"

"பஸ்ஸுதாங்க."

"அப்ப சாப்பிடு."

முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. ஹாரன் சத்தம் காதில் கேட்டது போல இருந்தது. இரண்டாவது வாய்க்கு வழி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் தடையேதும் இல்லை.

மழை விட்டது. சான்றிதழ் வந்தது. 'மேற்படி உறுப்பினர் இலக்கை அடைந்தார். அடைந்ததோடு நில்லாமல் தாண்டியும் சென்றார்' என்று அதில் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது.

அலுவலகத்தில் பாராட்டு விழா. அதிகாரி சான்றிதழை உரக்கப் படித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அடையாளமே தெரியலையேம்மா! இப்படித் துரும்பா இளைச்சுட்டீங்களே!"

"கொஞ்சம் சாப்பிடணும்மா நீ" என்று ஒரு குமாஸ்தா உருகினார். அவளைப் படத்துக்குள் அடக்கப் பின்னால் போய்ப் போய்ப் புகைப்படக்காரர் சுவரில் முட்டிக்கொண்டார்.

அக்காவுக்குப் பஸ் கிடைத்தது. மறுநாளே அவள் நடுவழியில் இறுகிக்கொண்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பயணிகள் தள்ளி எடுத்தார்கள். புகார் போயிற்று. அலுவலகம் தீர விசாரித்தது. வழி பழைய அகலம்தான் என்பது அளந்து பார்த்து உறுதியானது. நடத்துனர் இளைத்தார் என்பது சான்றிதழால் உறுதியானது. ஆகவே குற்றம் மிச்சமிருக்கும் தரப்பின் மேல் விழுந்தது. எல்லா வண்டியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள்:

'நெரிசலுக்குப் பயணிகளின் பருமனே காரணம் எனத் தெரியவருவதால், இலக்கை அடைந்த சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே இனி வண்டியில் ஏற்றப்படுவார்கள்.'

விடிந்ததும் ஜிம் படியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் வரிசை நின்றது. எல்லாருடைய காலடியிலும் வேலைக்குப் போகிற பை. படிக்கட்டின் கீழே பயில்வான் பாயில் சம்மணமிட்டு, சாந்தமான முகத்தோடு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

காலி வண்டியின் ஜன்னலிலிருந்து அக்கா கத்தினாள்.

"ஏங்க, நல்ல மனுஷங்களா! அந்த ஷீட்டே கோளாறுங்க! அகர வரிசைன்னு சொல்லி ஆளையே மாத்திட்டாங்க!"

வரிசையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டார். "அகர வரிசைன்னு சொன்னாங்க பாரு."

"அப்படி நின்னாச் சீக்கிரம் முடிஞ்சிடுமாம்" என்றார் அடுத்தவர்.

உடனே ஒருவர் பெயரை ஒருவர் விசாரித்துக்கொண்டு, சண்டை சச்சரவு இல்லாமல், எல்லாரும் இடம் மாறி நின்றார்கள். பைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

கதவு திறந்தது. அவரவர் காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்கள்.