விற்பனைக்கு இல்லாத லேப்டாப்

மாடிப்படியில் இரண்டு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. மேல்படியில் கொல்கத்தாக் குடும்பம், கீழ்ப்படியில் மதுரைக் குடும்பம். இரண்டு தரப்பும் ஒரே அறைக்கு முன்பணம் கட்டியிருந்தன. நடுப்படியில் ஜஸீலா, கையில் ஒரே ஒரு சாவியோடு.

தப்பு அவளுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீவில் அவர்கள் குடியிருந்த மரைன் ஹில் முழுக்க வேறு மாதிரி பேசிக்கொண்டது. வீட்டு மாடியில் இருந்த இரண்டு அறைகளை அவள் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டுவந்தாள். யார் எந்தத் தேதிக்கு வருகிறார்களோ, நாள்காட்டியில் அந்தத் தேதித் தாளிலேயே எழுதிவைப்பாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவள் கணவர் நஜிமுதீன், வடையில் எண்ணெய் அதிகம் என்று நாலு தாளைச் சேர்த்துக் கிழித்து ஒற்றி எடுத்துவிட்டார். மதுரைக் குடும்பம் எண்ணெயோடு எண்ணெயாகக் குப்பைக்குப் போய்விட்டது.

இன்னொரு அறையிலும் ஆள் இருந்தது. வேறு வழி இல்லாமல் மதுரைக்காரர்களுக்குத் தங்கள் படுக்கையறையையே திறந்துவிட்டாள். நஜிமுதீன் கூடத்தில் பாய் விரித்துக் கொசுவோடு குடித்தனம் நடத்தினார். காலையில் கன்னமெல்லாம் தடித்துப்போய் எழுந்தவர் தீர்ப்புச் சொன்னார்.

"ரூமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெங்காயம் வைக்க எடமில்லாம நான் திண்டாடுறேன். அடுத்த கப்பல்ல வர்ற லோடு மாடியிலதான் ஏறும். போதும், முடிஞ்சுது பேச்சு."

அவர் பஜாரில் வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. கப்பல் ஒரு வாரம் தாமதமானால் தீவில் வெங்காயத்துக்குத் தங்கத்தின் மரியாதை வந்துவிடும். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு அறைகள்தான் ஜஸீலாவின் சொந்தச் சம்பாத்தியம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஒரு ஜோடி வளையலுக்குக்கூட யாரிடமும் கை நீட்டாமல் இருந்தது இந்த ஒரு வருஷம்தான். அதைப் போய் வெங்காயத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

"கப்பல் வர்றதுக்குள்ள ஒரு லேப்டாப் வாங்கி, புக்கிங்க ஒழுங்கு பண்ணிக் காட்டுறேன் மச்சான்," என்றாள். "காட்டலன்னா சாவிய நீங்களே வெச்சுக்குங்க. மாடியில வெங்காயம் மட்டுமில்ல, வெள்ளப்பூண்டும் போட்டுக்குங்க."

அவளுக்கு வேண்டியது பெரிய சாமான் எதுவும் இல்லை. புக்கிங் பார்க்க வேண்டும், கட்டம் போட்டு எழுத வேண்டும், வருகிறவர்களுக்குப் பதில் அனுப்ப வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது, பாதியில் காலை வாரக் கூடாது. அவ்வளவுதான். இதைக் கேட்ட மாத்திரத்தில் ஊரில் எல்லோரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள்.

முதலில் வந்தவன், அவளை லாத்தா என்று கூப்பிடும் தம்பி அப்ஸல். தன்னைக் கேட்காமல் லாத்தா எதையும் வாங்கிவிடக் கூடாது என்று உத்தரவு போட்டு, தான் கேம் விளையாடும் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். ஓட்டிப் பார், பிடித்தால் இதே போல் ஒன்று எடுக்கலாம் என்றான். மூடியைத் திறந்தால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த ஃபேன் இட்லிக்கு மாவாட்டும் சத்தம் போட்டது. பக்கத்து அறையில் இருந்த புதுமணத் தம்பதி, ராத்திரியில் என்ன ஆன்ட்டி அரைக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் பெங்களூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி ஒரு வாரத்துக்கு இரண்டு அறையையும் கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. கரண்டு போவது தீவில் புதுச் செய்தி இல்லை. அந்த லேப்டாப்புக்குத்தான் புதுச் செய்தி. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மொத்தமாக அணைந்தது. கரண்டு வந்தபோது கல்யாண கோஷ்டி வேறு இடம் பார்த்துவிட்டது.

மறுநாள் மாடிப்படியின் அடியில் ஒரு மூட்டை வெங்காயம் உட்கார்ந்திருந்தது. சும்மா இப்போதைக்குத்தான் என்றார் நஜிமுதீன்.

ஆன்லைனில் வாங்கலாமென்றால், எந்தக் கடையும் இந்தப் பின்கோடுக்கு வர மாட்டேன் என்றது. அதற்கும் தீவில் ஒரு வழி உண்டு. யார் மெயின்லாண்டு போனாலும் அக்கம்பக்கத்துச் சாமானையெல்லாம் சுமந்து வர வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அடுத்த வீட்டுப் பழனிசாமி தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போனார். இருப்பதிலேயே விலை குறைந்ததாக ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கி, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். ரோஸ் கலர். அப்பளம் மாதிரி லேசு.

அந்த அழகியை எழுப்பிவிட்டு ஜஸீலா அரிசி களைந்து உலை வைத்தாள். கஞ்சி வடித்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. விஜயவாடாக் குடும்பம் ஒன்றுக்கு அறையை உறுதி செய்ய ஒரு தட்டுத் தட்டினாள். அசையவில்லை. இன்னொரு தட்டு. கோபத்தில் மூன்றாவதும் தட்டினாள். திடீரென்று தூக்கம் கலைந்த லேப்டாப் மூன்றையும் ஏற்றுக்கொண்டு, அந்த மனிதரின் கணக்கில் மூன்று முறை பணம் எடுத்தது. அவர் பயந்துபோய் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, இது ஏமாற்று இடம் என்று ஒற்றை ஸ்டார் போட்டு எழுதிவைத்தார். திருப்பிக் கொடுக்கலாமென்றால் கடை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மூட்டைகள் நடுப்படிக்கு ஏறின. போகிறபோக்கில் நஜிமுதீன் மாடி ஜன்னலில் காற்று எப்படி வருகிறது என்றும் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒரு பயலையும் கேக்கப்போறதில்ல," என்றாள் ஜஸீலா, மூட்டையைப் பார்த்து. "இனி நானே போறேன்."

ரோஸ் கலரைத் தம்பி தலையில் கட்டிக் காசை வாங்கினாள். அவன் ஏன் என்று கேட்டதற்கு, லாத்தாவைக் கேட்காமல் இனி எதுவும் சொல்லாதே என்றாள். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஷாதிபூரில் பக்தவத்சலம் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். மேல்தட்டில் புது லேப்டாப்புகள் பளபளவென்று வரிசையாக இருந்தன. கீழ்த்தட்டில் கறுப்பாக, தடியாக, பழைய லேப்டாப்புகள். அவள் வேலையைக் கேட்டுவிட்டுப் பக்தவத்சலம் கீழே கையைக் காட்டினார்.

"இந்த வேலைக்கு இதுவே தாராளம், பாயம்மா. பெரிய ஆபீஸ்ல ஓடினது. பிரிச்சு, பேட்டரி மாத்தி, நானே சரி பண்ணி வெச்சிருக்கேன். கல்லு மாதிரி இருக்கும். விலையும் பாதிதான்."

"யாரோ கழிச்சுக் கட்டினத நான் ஏன் தலையில கட்டிக்கணும்?"

பக்தவத்சலம் தன் மேஜைக்குப் போய் வேறொருவருக்குப் பில் போட ஆரம்பித்தார். ஜஸீலாவின் கண் அவர் பின்னாலேயே போனது. அவள் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்த அவர்கள் குடும்பத்தில் பாலோடு புகட்டிய பாடம் ஒன்று உண்டு. கடைக்காரன் எதைக் காட்டுகிறான் என்று பார்க்காதே, எதைத் தின்கிறான் என்று பார்.

மேஜையில் இருந்ததும் கறுப்புத்தான். மூலையில் டேப் ஒட்டியிருந்தது. விசைகளில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. மூடி மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், ஒன்று காய்ந்து உதிர்ந்த இடத்தின் பக்கத்திலேயே இன்னொன்றாக, ஏழெட்டு வருஷத்துப் பொட்டு இருக்கும் போலிருந்தது. பக்தவத்சலம் தட்டத் தட்ட அது ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கடையே இருண்டது. பில் மட்டும் நிற்கவில்லை.

ஜஸீலா நேரே போய் மேஜையில் கையை ஊன்றினாள்.

"எனக்கு இது வேணும்."

"இது விக்கறதுக்கில்லம்மா."

"எத்தன வருஷமா வெச்சிருக்கீங்க?"

பக்தவத்சலம் பொட்டுகளைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? இதக் குடுத்துட்டா நான் பில்லு எதுல போடுவேன்?"

"மேல அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல போடுங்க. நல்ல சாமான்னுதானே எங்க தலையில கட்டுறீங்க?"

அவர் மேல்தட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஜஸீலாவுக்குத் தெம்பு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொடுக்கிறவரைக்கும் எழுந்திருக்கப்போவதில்லை என்றாள். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கீழ்த்தட்டு விலைக்கு மேல் ஆயிரம் தருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டாயிரம் என்றாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அப்போது துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பல் ஊதியது. அந்தக் கப்பலில் இருந்தது வெங்காயம்.

"இந்தா பாருங்கண்ணே, எம்புட்டு நாளைக்கு ஆம்பளைங்க சொல்ற சாமானையே நான் வாங்குறது? இது என் பொழப்பு. நான் பாத்து, நான் புடிச்சு, நான் கேக்குறேன். மூவாயிரம். குடுங்க."

பக்தவத்சலம் தோள்துண்டால் லேப்டாப்பைத் துடைத்தார். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போல இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா பாத்துக்குங்க பாயம்மா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கூலியாட்கள் மாடி அறை வாசல்வரை மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஜஸீலா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, இன்னொரு மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். மூடியைத் தூக்கி முடிப்பதற்குள் அது தயாராக இருந்தது. ஒற்றை ஸ்டார் போட்ட விஜயவாடாக்காரருக்கு முதலில் மன்னிப்பு எழுதினாள். பணத்தைத் திருப்பி அனுப்பி, ஒரு நாள் தங்குவது இலவசம் என்றாள். காத்திருந்தவர்களுக்கெல்லாம் பதில் போட்டாள். நடுவில் கரண்டு போய் வந்ததை அவள் கவனிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் பொங்கல்வரைக்கும் இரண்டு அறையும் நிரம்பிவிட்டன. கட்டம் கட்டமாகப் பேர், தேதி, முன்பணம்.

நஜிமுதீன் குனிந்து திரையை வெகுநேரம் பார்த்தார். கூட்டிப்பார்த்தார். வியாபாரி இல்லையா, கணக்கு அவருக்குப் புரிந்தது. கூலியாட்கள் பக்கம் திரும்பி, "நீச்சே லே ஜாவோ," என்றார்.

வெங்காயம் கீழே இறங்கி அவருடைய கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

ஜஸீலா இந்தக் கதையை மரைன் ஹில்லில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். கடைக்காரனிடமே அவன் சொந்தச் சாமானைப் பிடுங்கிவந்தவள் தீவிலேயே தான் ஒருத்திதான் என்றாள். ஆனால் துண்டால் கண்ணைத் துடைத்த அந்த முகம் மட்டும் அவ்வப்போது வந்து மனத்தை உறுத்தியது. பாவம், எதில் பில் போடுகிறாரோ. ஒரு வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் செய்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஷாதிபூர் போனாள்.

பக்தவத்சலம் சாப்பிடப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி விஜயலட்சுமி இருந்தார். ஜஸீலாவை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. கீழ்த்தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேஜை மேல் கறுப்பாக, தடியாக ஒரு லேப்டாப். விஜயலட்சுமி ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, அதன் மூடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வைத்த பொட்டை விசிறியால் காயவைத்து, பாதியைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் இன்னொன்று வைத்தார்.

ஜஸீலா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன பூஜை என்று கேட்டாள்.

"பூஜையெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றார் விஜயலட்சுமி, விசிறியை நிறுத்தாமல். "கீழ்த்தட்டுல இருந்தா பழசுன்னு ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க, இதையே மேஜையில வெச்சு, பொட்டு வெச்சு, தர மாட்டேன்னு சொன்னா, ஸ்டூல போட்டு உக்காந்து சண்ட போட்டு, மூவாயிரம் கூடக் குடுத்துத் தூக்கிட்டுப் போறாங்க."