ஏழு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று

மடுகரை,
ஆனி 28.

மதிப்பிற்குரிய சம்பந்தி சிவப்பிரகாசம் அவர்களுக்கு, சுப்பராயலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு என் வலது கை விரல்களைத் தவிர அனைவரும் நலம். மண்ணாடிப்பட்டில் தாங்களும் மாப்பிள்ளை புகழேந்தியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிறு கல்யாண மண்டப ரசீதைக் கையில் வாங்கியதும் தங்கள் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா சம்பந்தி, ரசீது நம்பரக் கூட்டுனா எட்டு வருது. எட்டு ஆவாது. ஆவணி வேணாம், தைக்கு வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். என் பெண் மஞ்சுளா அன்று சாப்பிடவில்லை. ஐந்து மாதம் தள்ளிப்போனால் இந்தக் கல்யாணம் நடக்குமா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் 719333 என்ற அந்த எண்ணை உற்றுப் பார்த்தேன். முப்பது வருடம் கரும்பு எடைமேடையில் எண்களோடு கிடந்தவனாயிற்றே, சும்மா இருப்பேனா, இரண்டால் வகுத்தேன், போகவில்லை, மூன்றால், ஏழால், பதினொன்றால், எதாலும் போகவில்லை. நாலு நாள், இரண்டு நோட்டு. என் வீட்டுக்காரி கலியம்மாள் வந்து, "பத்திரிக அடிக்கக் குடுக்கல, பந்தக்காரனப் பாக்கல, வகுத்தல் கணக்கு போட்டுக்கினு குந்திக்கினு இருக்கீங்களே!" என்று கத்தினாள். கத்தட்டும். 839 வரை உள்ள நூற்று நாற்பத்தாறு பகா எண்களாலும் வகுத்தாயிற்று, அடுத்த பகா எண்ணை அதாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும், அதனால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. சம்பந்தி, நம் ரசீது பகா எண்! தன்னையும் ஒன்றையும் தவிர யாராலும் பிரிக்க முடியாது!

இன்னும் கேளுங்கள். கடைசி மூன்றை விரலால் மறைத்தால் 71933, அதுவும் பகா எண்! இன்னும் மறைத்தால் 7193, அப்புறம் 719, 71, 7, அத்தனையும் பகா எண்! எழுந்து நின்றுவிட்டேன். மஞ்சுளா போனில் தேடிப் பார்த்தாள். ஒன்பது லட்சம் ஆறிலக்க எண்களில் இப்படிப்பட்டவை பன்னிரண்டே பன்னிரண்டுதானாம். "அதுல ஒண்ணு நம்ம ரசீதுலயாப்பா!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். வலது பக்கம் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் பகாத் தன்மை போய்விடுமாம். ஆக, இவர்களோடு மூன்றாம் மனிதர் வந்து ஒட்டவும் வழியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு தாளில் அச்சாகி வந்த நம்பருக்காக யாராவது கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்களா? ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் பெண் சாப்பிடுவாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி
சுப்பராயலு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மண்டப மேனேஜர் அந்தோணிசாமி பைக்கில் வந்து இறங்கினார். "ஒங்க சம்பந்தி நேத்து வந்து மல்லுக்கு நின்னு ரசீத மாத்திக்கினாரு சார். புது நம்பர் 719334. கூட்டுனா ஒம்போது. ஆவணிக்கே சரின்னுட்டாரு" என்றார். கலியம்மாளும் மஞ்சுளாவும் குதித்தார்கள். நான் ஒரே ஒரு தடவை வகுத்தேன். சரிபாதியாகப் பிளக்கிறது சம்பந்தி! ஆளுக்கு 359667, மீதி சுத்தமாக இல்லை. மூன்றாலும் போகிறது, ஆறாலும் போகிறது. தெரிந்தே என் பெண்ணை அந்த நம்பரில் கட்டிக்கொடுக்க மாட்டேன். தைக்கே வைத்துக்கொள்வோம்.