ஸ்டேஷன் வரலாற்றில் உன் அக்கா

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் சுவர்க்கடிகாரமும் நலம்; சமையலறை மட்டும் கொஞ்சம் சுமார். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், மூன்று வாரமாக உங்களோடு இருக்கும் உன் அக்கா எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மச்சான். அவள் திரும்பிவர அவசரமே இல்லை. எனக்குத் தலைக்கு மேல் வேலை. முப்பத்தாறு வருஷம் நான் மாஸ்டராக இருந்த ஸ்டேஷனுக்கு இது நூறாவது ஆண்டு. அதன் வரலாற்றையும் சேவைகளையும் எழுதித்தர என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவள் அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ, நடந்தது இதுதான். ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை, வீட்டில் ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். டீ வரவேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம், காரணம் என்று நாலு கட்டம். ஒருநாள் டீ ஆறு நிமிஷம் லேட். மரியாதையாகத்தான் கேட்டேன், "காரணத்த எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா." அவள் பேனாவை வாங்கி, "முப்பத்தாறு வருஷமா ஸ்டேஷன்லயே இருந்த மனுஷன் இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, அன்றைக்கே உன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். கட்டடம், முதல் வண்டி எல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டன. சேவைகள் என்று வந்ததும், என் பெருமையை நானே எப்படிப் பேசுவது என்று, பயணிகள் கருத்து எழுதும் பழைய நோட்டுகளை வாங்கிவந்து மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் கொடுத்த மாஸ்டர் வீட்டம்மா நல்லா இருக்கணும் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். மழையில் பாலம் முழுகி வண்டி பகல் முழுக்க நின்ற அன்று இரண்டு பெட்டி ஜனத்துக்குச் சமைத்துப் போட்டதும் உன் அக்காதானாம். எனக்கு நினைவிருப்பது சிக்னல் கோளாறு மட்டும். காத்திருப்பு அறையில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் புடவையால் மறைப்புக் கட்டி, கூடவே இருந்ததும் அவள்தானாம். என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னாளோ என்னவோ, நான் வண்டி நம்பரை ஒப்பித்துக்கொண்டு இருந்திருப்பேன். என்னைப் பற்றி நோட்டு முழுக்க ஒரே ஒரு குறிப்பு: "மாஸ்டர் வள்ளென்று விழுகிறார். அவர் மனைவியிடம் சொன்னோம், சரிசெய்வதாகச் சொன்னார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட, அவளைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ரிஜிஸ்டரைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லாதே, அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியாது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை, சமையல்கூடக் கைவந்துவிட்டது. நேற்று சோறு பாத்திரத்தை விட்டு வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். அவள் ஆற அமர இருந்தே வரட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: அவசரமில்லை, ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியது அத்தனையும் பொய். இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் உங்கள் ஊர் ஸ்டேஷன் போர்ட்டர். காலை வண்டியில் வந்திறங்கியவன், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் வீடு பத்து நிமிஷ நடைதான், கால்தான் எழவில்லை. கடிதத்தை அப்படியே அவளிடம் கொடுத்துவிடு. "வரச் சொல்லு" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லையென்றால், நாளைக்கும் இதே பெஞ்சில்தான் இருப்பேன் என்று சொல்.