செயற்கைக்கோள் பார்த்துச் சொன்ன முகூர்த்தம்

என் தங்கையின் கழுத்தில் இரண்டு தாலி ஏறியதற்கு நான்தான் காரணம். மாப்பிள்ளை ஒருவர்தான். (இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையில் எழுந்து போனவர்கள் வேறு மாதிரியெல்லாம் பரப்பிவிட்டிருக்கிறார்கள்.)

2006ஆம் ஆண்டு எனக்கு இருபத்து நான்கு வயது. இலங்கையில் லக்கல, வில்கமுவ பக்கம் காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் சிறு குளங்களைத் தேடிப் பதிவு செய்யும் ஒரு திட்டத்தில் எனக்கு வேலை. பஸ் வராத ஊருக்கு எவருடைய டிராக்டரிலோ தொங்கிக்கொண்டு போய், யானை இல்லையென்று உறுதி செய்துகொண்டு குளக்கட்டில் ஏறி, ஜீபிஎஸ் கருவியை வானத்துக்கு நேராகப் பிடித்து, அது காட்டும் எண்களை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு கம்பத்தை நட்டு அதில் கருவியைக் கட்டியிருந்தாலும் காரியம் நடந்திருக்கும். ஆனால் கம்பம் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தாது. நான் நடத்தினேன்.

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னிடம் அகப்படாதவர்கள் குறைவு. "இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல இருபத்து நாலுக்கு மேல சேட்டிலைட் சுத்துது. ஒவ்வொண்ணுலயும் அணுக்கடிகாரம் இருக்கு. நான் இன்ன எடத்துல இருக்கேன், இப்ப மணி இன்னதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். அது இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்து இந்த மிஷின் தூரத்தைக் கண்டுபிடிக்கும். நாலு சேட்டிலைட் கெடைச்சா போதும், எடமும் தெரியும், நேரமும் தெரியும். கீழ பூமியிலயும் ஸ்டேஷன் இருக்கு. கடிகாரம் ஒரு துளி விலகினாலும் அங்கேருந்து திருத்தி அனுப்பிருவாங்க." இதைச் சொல்லி முடிக்கும்போது எதிரில் இருப்பவருக்குப் பஸ் போயிருக்கும். கருவி கைக்கு வந்த நாளே என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாமா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அணுக்கடிகாரம் இருப்பவனுக்கு அது எதற்கு?

அந்தச் சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியது. பத்து வருடத்துக்கு முன் அவர்களே முன்னுக்குத் தள்ளியதுதான். ஊரில் பாதிப் பேர் கடிகாரத்தைத் திருப்பினார்கள். மீதிப் பேர், "இவனுகளுக்கு வேற வேலை இல்ல, அடுத்த மாசம் மறுபடி மாத்துவானுக" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். என் அப்பா இரண்டாவது வகை. நான் மூன்றாவது வகை: திருப்ப என் கையில் கடிகாரமே இல்லை. திட்டத்துக்குப் புத்தாண்டு விடுமுறை விட்டிருந்ததால் கருவி அணைந்தபடி பெட்டியில் கிடந்தது.

அந்த ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமைதான் தங்கை சாந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாத்தளை டவுன். அவருடைய அம்மா ஜாதகம் பொருந்தவில்லை என்று நாலு பெண்ணை வேண்டாமென்றவர். எங்களிடம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "நகை நட்டு ஒண்ணும் கேக்கல. ராகு காலம் முழுசா கழிஞ்ச பெறகுதான் தாலி ஏறணும்." அவருடைய கல்யாணத்தில் ஏதோ அவசரத்தில் ராகு காலத்தில் தாலி கட்டிவிட்டார்களாம். முப்பது வயது தாண்டுமுன்னே கணவர் போய்விட்டார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. பத்திரிகையில் "புது நேரப்படி காலை 9.05 முதல் 9.40 வரை" என்று அச்சடித்தோம்.

கல்யாணத்தன்று காலையில் மாலை வாங்க மாத்தளைக்குப் போனேன். கருவி சட்டைப் பையில். (கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருளை வீட்டில் விடக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் சொந்தக்காரர்களிடம் காட்ட.) சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை வெளியே எடுத்தான். அந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையனின் பையில் இப்படியொரு சாமான் இருந்தால் என்னவெல்லாம் நடக்கலாம் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவேளை, திட்டத்தின் சிங்களக் கடிதம் கையில் இருந்தது. அவன் கடிதத்தைப் படித்தான், கருவியை இயக்கச் சொன்னான், திரையைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சிரித்தான்.

"மல்லி, மேக்கே வெலாவ வெரதியி."

தம்பி, இதில் நேரம் பிழை என்கிறான். பாவம், அணுக்கடிகாரம் பற்றி இவனுக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள் என்று மனதுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் ஒரே சச்சரவு. சிலருடைய வாட்சில் எட்டு நாற்பது, சிலருடைய வாட்சில் ஒன்பது பத்து. நான் கருவியோடு முற்றத்துக்கு ஓடினேன். (தகரக் கூரைக்குக் கீழே சேட்டிலைட் பிடிக்காது.) கையை உயர்த்தி நின்று, ஏழு சேட்டிலைட் கிடைத்ததும் உள்ளே ஓடி வந்து கத்தினேன்.

"மணி ஒம்பது பத்து! முகூர்த்தம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு!"

ஐயர் தன் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, என்னுதுல எட்டு நாப்பதுதாங்க ஆகுது. இன்னும் ராகு காலம் கழியல."

"ஐயரே, ஒங்க வாட்ச் பேட்டரியில ஓடுது. இது ஆகாசத்துலேருந்து வர்ற நேரம்."

"ஏன்டா, நல்லா பாத்துத்தான் சொல்றியா?" என்றார் அப்பா.

"செகண்டோட சொல்லவாப்பா? ஒங்க வாட்ச்சும் அதேதானே காட்டுது!"

மாப்பிள்ளையின் அம்மா, விதவை என்பதால், மணவறைப் பக்கம் வராமல் வாசலோரம் நின்றிருந்தார். என்னைத் தடுத்து மெல்லக் கேட்டார். "தம்பி, ராகு காலம் நிச்சயமா கழிஞ்சிருச்சுங்களா?"

"கழிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சும்மா. என்னைய நம்புங்க."

நம்பினார். ஐயர் முனகிக்கொண்டே தாலியை எடுத்துக் கொடுத்தார். மேளம் கொட்டியது. என் கருவியில் ஒன்பது பன்னிரண்டு.

எல்லோரும் அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்கும்போது வெளியே வேன் டிரைவர் ரேடியோவைத் திருகினார். மண்டபம் முழுக்கக் கேட்டது: "நேரம் காலை ஒன்பது மணி. செய்திகள்."

நான் முற்றத்துக்கு ஓடினேன். கருவியில் ஒன்பதரை. பட்டன்களை அழுத்தி அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தால், இலங்கை நேரம் என்ற இடத்தில் ஆறு மணி நேர வித்தியாசம் போட்டிருக்கிறது. போட்டவன் நான். சேட்டிலைட் உலகத்துக்கெல்லாம் ஒரே நேரத்தைத்தான் அனுப்பும். அதில் எங்கள் நாட்டுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைக் கருவி வைத்திருப்பவன்தான் சொல்ல வேண்டும். அதை ஐந்தரையாக மாற்றாமல் விட்டது இந்த மடையன். பூமி முழுக்க உள்ள அத்தனை ஸ்டேஷன்காரர்களும் கண் விழித்து, துளித் துளியாகத் திருத்தி அனுப்பிய நேரத்தில் நான் அரை மணியைக் கூட்டிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். "என் புள்ளைக்குமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

"சேட்டிலைட்டு இப்ப என்ன சொல்லுது தம்பி?" என்றார் ஐயர். மனுஷனுக்கு அந்த நேரத்திலும் அது தேவைப்பட்டது. பிறகு அவரே வழி சொன்னார். "ஏறுன தாலிய எறக்கப்படாது. ஆனா நல்ல நேரத்துல இன்னொண்ணு ஏத்தலாம். மஞ்சக் கயிறும் மஞ்சக் கெழங்கும் கொண்டாங்க."

அதுவரை குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள். "எத்தன வேணும்னாலும் கட்டுங்க. ஆனா மொதல்ல எங்க அண்ணன வெளிய நிப்பாட்டுங்க."

நிப்பாட்டினார்கள். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, தானே நூலில் மஞ்சள் தடவி, கிழங்கைக் கட்டி, மணவறை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். வரக்கூடாது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐயரின் பேட்டரி வாட்சில் ஒன்பது பதினொன்றுக்கு இரண்டாவது தாலி ஏறியது.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பெயர் 'மொத தாலி'. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் சாந்தி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, இன்னைக்கு மொத தாலி வேல செய்யுது" என்பாள். நான் பஸ் ஏறிப் போய் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். சிரித்துக்கொண்டுதான் போவேன். ஆனால் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டாலே, அது முதல் தாலியாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் அந்த அம்மாவே போன் செய்தார்.

"தம்பி, என் புள்ளைக்குத் தல நல்லா நரைச்சிருச்சு. அவங்க அப்பாவுக்கு நரைக்கவே இல்ல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்த மொத தாலிய நான் மன்னிச்சிட்டேன், தம்பி. பேத்திக்கு மாப்பிள்ள பாக்குறப்ப நீங்கதான் முன்னால நின்னு எல்லாம் செய்யணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நேரம் மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.