ஏழு மில்லிமீட்டர் இடம்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உங்கள் பெண் நலம், மாமியாராகிய நான் நலம், உங்கள் மாப்பிள்ளையும் கப்பலில் நலம்தான். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைதான் நலமாக இல்லை. இதோடு ஒரு புகார் மனுவும் வைத்திருக்கிறேன். பெற்றவள் என்ற முறையில் கையெழுத்துப் போட்டுப் பெரிய டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கரு என்பது உங்களுக்குத் தெரியும். கர்ப்பப்பையின் உள்படலம் ஏழு மில்லிமீட்டராவது தடித்தால்தான் அதை உள்ளே வைப்பார்களாம். போன இரண்டு முறையும் வைத்தது நிற்காமல் நம் பெண் அழுத அழுகையை நாம் இருவரும் பார்த்தோம். ஆனாலும் மில்லிமீட்டர் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ப்ளைவுட் ஃபேக்டரியில் இருபத்தொன்பது வருஷம் தடிமன் பார்த்துச் சீல் குத்தியவள் நான். அரை மில்லிமீட்டர் குறைந்த பலகைக்காக முதலாளியின் மச்சானிடமே மல்லுக்கு நின்றவள். அதனால் துணைக்கு நானே உள்ளே போனேன்.

முதல் நாள் விளக்கை அணைத்திருந்தார்கள். திரை மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. ஸ்கேன் எடுக்கும் பெண் நம் பெண்ணிடம் வாங்க, படுங்க என்று மரியாதையாகத்தான் பேசினாள். திடீரென்று திரையைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். நம் பெண் பதறிப்போய்த் தள்ளிப் படுத்தாள்.

"நீங்க அசையாதீங்கம்மா. உங்கள சொல்லல."

அறையில் நாங்கள் மூன்றே பேர். என்னைத்தான் சொல்கிறாளோ என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். "உங்களையும் இல்ல" என்றாள். ரிப்போர்ட்டில் 4.8.

நாலு நாள் கழித்து இரண்டாவது ஸ்கேன். "இடம் போதுமா?" என்று திரையைக் கேட்டாள். போனில் எதிர்முனைப் பேச்சைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். "சரி சரி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு 5.9 என்று தட்டினாள். யாருமே இல்லாத வயிறு சம்பந்தியம்மா! கரு இன்னும் ஃப்ரீசரில்தானே இருக்கிறது! வீடு திரும்பும் வழியெல்லாம் நான் ப்ளைவுட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

இன்று மூன்றாவது. பலகையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் அடுக்குகள்போல் திரையில் மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நல்ல சரக்கு என்று மனத்துக்குள் சீல்கூடக் குத்திவிட்டேன். ஆனால் அளக்க வேண்டுமே! இந்த ஓரம் ஒரு புள்ளி, அந்த ஓரம் ஒரு புள்ளி வைத்தால்தான் மெஷின் அளவு சொல்லும். அவள் ஒரு புள்ளியும் வைக்காமல் 7.2 என்று தட்டினாள். விடுவேனா?

"என்னம்மா, அளக்காமலே எழுதுறே?"

"நான் அளக்கிறதில்லம்மா. கேட்டுத்தான் எழுதுறேன்."

"யாரைக் கேட்டு?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு நம் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

நேரே பெரிய டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரே புள்ளி வைத்து அளந்தார். 7.2. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். அப்போதும் 7.2. வெள்ளிக்கிழமை கரு வைக்கலாம் என்று நாள் குறித்துவிட்டார். அளவு சரிதான், அளந்த விதம்தான் சரியில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தியம்மா. நமக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருப்பது யார்? அது தெரியாமல், இருக்கிற ஒரே கருவை எப்படி அனுப்புவது? இந்த மாதம் வேண்டாம், வேறு இடம் பார்ப்போம். நம் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.

சம்பந்திக்கு என் வணக்கம். உங்கள் சின்னப் பெண்ணுக்கு என் ஆசிகள். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையில் மனுவைத் தேடாதீர்கள், கிழித்துவிட்டேன். ஒட்டுவதற்காக உறையோடு சோபாவில் நம் பெண் பக்கத்தில் உட்காரப் போனேன். "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று வாயில் வந்தது. அவள் நகர்ந்தாள். "உன்னை இல்லம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. அவள் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தள்ளிக்கிச்சா, அத்தை?"

"தள்ளிக்கிச்சு" என்றேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் நீங்களும் வந்துவிடுங்கள்.